எண்ணெய் எடுக்கும் வரை

செல்வதுரையைப் பார்க்க வந்தவர்கள் முதலில் அவருடைய முதுகோடுதான் பேச வேண்டியிருந்தது. உடம்பு நெஞ்சு வரைக்கும் கட்டிலில் கிடக்கும். கட்டிலுக்கு அப்பால் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு தலையணை, அதில் நெற்றியை ஊன்றியபடி குப்புறப் படுத்திருப்பார். கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு சாண் தரை தெரியும். அவ்வளவுதான் அவருக்கு உலகம். அந்த ஒரு சாணுக்குள் யாராவது வந்து நின்றால் காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்.

"யாரு, மரியானா? செருப்பு வாரு அந்து தொங்குதே, தைக்கக் கூடாதாலே?" என்று கேட்பார். கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கூட வேலை பார்க்கிற மரியான் வெட்கப்பட்டுக் காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

வந்தவர்கள் அவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடுப்படிக்கு வந்து அவர் மனைவி கிருபையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "கண்ணுக்குள்ள எண்ணெய் ஊத்தியிருக்காவளாமே, மெய்தானா? என்ன எண்ணெய் டீச்சர், விளக்கெண்ணெயா?"

கிருபை பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுக்கிறவள். முதல் பத்துப் பேருக்கு வகுப்பில் சொல்லுகிற மாதிரி விளக்கமாகச் சொன்னாள். அப்புறம் சுருக்கமாகச் சொன்னாள். கடைசியில், "ஆமா, விளக்கெண்ணெய் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்ற ஆரம்பித்தாள்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத் தொடக்கம். செல்வதுரை வாட்டர் கிளார்க். தூத்துக்குடிக்கு வருகிற கப்பல்களுக்கு ஏஜென்சி சார்பில் போய், காப்டனைக் கண்டு, காகிதங்களை வாங்கி, தண்ணீர், காய்கறி, கூலியாள் என்று என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்கிற வேலை. புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், ஆடுகிற கயிற்று ஏணியில் ஏறி மேலே போக வேண்டும். இருபது வருஷம் அதைச் செய்திருக்கிறார். சோடாப்புட்டி மாதிரி தடித்த கண்ணாடியைக் காதோடு நாடா போட்டுக் கட்டிக்கொண்டு ஏறுவார்.

இடது கண் வாலிபத்திலேயே போய்விட்டது. விழித்திரை கழன்று விழுந்துவிட்டது என்றார்கள். அந்தக் காலத்தில் அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்த வலது கண்ணிலும் போன வருஷ மழைக்காலத்தில் கீழேயிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறி வந்தது. சென்னைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தார்கள். ஒட்டின மாதிரி இருந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மறுபடியும் கழன்றது. அப்போதுதான் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு டாக்டர், கடைசி முயற்சியாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று சொன்னார்.

"சமையல் எண்ணெய் இல்லைம்மா" என்று அவர் கிருபைக்குச் சொன்னார். "சிலிக்கோன்னு பேரு. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். தண்ணியைவிட லேசு, அதனால மேல மிதக்கும். விழித்திரை கண்ணோட பின்பக்கம் இருக்கு. அவர் குப்புறப் படுத்தா பின்பக்கம் மேல வந்துடும். எண்ணெய் போய் அதை அழுத்திப் பிடிச்சுக்கும். மல்லாந்து படுத்தா எண்ணெய் முன்னால வந்துடும். பிடிமானமும் போச்சு, முன்பக்கமும் கெட்டுப் போகும். பாதி வேலை எங்களோடது. மீதி வேலை உங்களோடது."

அந்த மீதி வேலை எப்படிப்பட்டது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கிருபைக்குத் தெரிந்தது.

விடியுமுன் எழுந்து சொட்டு மருந்து. ஒரு சொட்டு, பொறுத்திருந்து இன்னொரு சொட்டு. அவரை உட்கார்த்தி, தலை நிமிராமல் முகம் துடைத்துவிட வேண்டும். தோசையைப் பிய்த்துக் கீழேயிருந்து வாய்க்குக் கொடுக்க வேண்டும். காப்பியைக் குழாய் வைத்து உறிஞ்சுவார். சூடு என்பார், ஆறிப்போச்சு என்பார். பிறகு சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம். மத்தியானம் மணி அடித்ததும் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வீடு. மறுபடியும் சோறு, மருந்து, மறுபடியும் ஓட்டம். வகுப்பில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு நிற்கும்போது கரும்பலகையில் சாய்ந்துகொள்ளலாம் போலிருக்கும். ஒருநாள் சாய்ந்தே விட்டாள். முதுகெல்லாம் சாக்பீஸ் தூளோடு வீடு வரைக்கும் நடந்து வந்தாள், யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இல்லை. சாத்தான்குளத்திலிருந்து அவள் அக்கா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். நாசரேத்தில் இருந்த அவர் தம்பிக்கும் தன் வேலை இருந்தது. அதற்குமேல் யாரைக் கேட்க?

செல்வதுரை முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். கிரேக்கக் காப்டன் என்ன சொன்னான், ஜப்பான்காரன் எப்படிக் கும்பிட்டான் என்று சாயங்காலம் முழுக்கக் கதை நடக்கும். இப்போது வாயைத் திறந்தால் கழுத்து வலி, இடுப்பு வலி, ஈ மொய்க்கிறது, ரேடியோவைக் கூட்டு, ரேடியோவைக் குறை. சத்தம் தரையில் மோதி வருவதால் எல்லாமே அதட்டல் மாதிரி கேட்கும். முதல் நாட்களில் அவள் பாய் விரித்து அந்த ஒரு சாண் இடைவெளியில் தலை வைத்துப் படுத்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள். நாளாக ஆக அது நின்றுபோயிற்று. நின்றபடியே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மட்டும் மறுபடியும் அப்படிப் படுத்து, பேப்பரில் வந்திருந்த கப்பல் செய்திகளை வாசித்துக் காட்டினாள். கொழும்பு போகிற கப்பல் ஒன்றின் பேரை வாசித்ததுதான் நினைவு. கண் விழித்தபோது பேப்பர் மூக்கின்மேல் கிடந்தது. மேலே அவர் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுப்பக் கூடாதாக்கும்?" என்றாள்.

"குறட்டை விட்ட. நல்லாருந்துச்சு, கேட்டுக்கிட்டு கெடந்தேன்" என்றார். பிறகு, "ஏளா, உன் மோவாய்க்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு. இத்தனை வருசமா நான் பாக்கலையே" என்றார்.

அவள் சிரித்தாள். எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

பங்குனி வெயில் ஏறும்போது டாக்டர் பகலில் உட்காரலாம், நடக்கலாம் என்றார். இரவில் மட்டும் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்கும் மல்லாக்கப் படுக்கக் கூடாது. அதோடு ஒரு வேடிக்கையும் நடந்தது. எண்ணெய் உள்ளே இருப்பதால் கண்ணின் பவரே மாறிப்போய், அந்தத் தடித்த கண்ணாடி தேவைப்படவில்லை. சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவாள். சுவரோரம் நின்று, "அந்தா தோணி போகுது, பாய் மூணு தெரியுது" என்பார். சங்கு குளித்துவிட்டுத் திரும்புகிற வள்ளங்களை எண்ண முயல்வார். எண்ணி முடிக்கும் முன் கண் கலங்கிக் கண்ணீர் வழியும். துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்பார். ஆபீஸிலும் நாற்காலி வேலையாகக் கொஞ்ச நேரம் வந்து உட்காரச் சொன்னார்கள். கிருபை, இனி மூச்சு விடலாம் என்று நினைத்தாள்.

கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கி ஊரெல்லாம் உப்புத் தூசி பறக்கிற சமயத்தில் அவருக்கு ஒரு பக்கத் தலைவலி வந்தது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வர்ண வளையம் தெரிகிறது என்றார். உள்ளூரில் கண் டாக்டர் சக்ரபாணி, ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நிதானமானவர். அவர் ஒரு நிமிஷத்துக்கு மட்டும் செல்வதுரையை மல்லாக்கப் படுக்கவைத்து, சின்னக் கருவி ஒன்றைக் கண்மேல் நிறுத்தி முள்ளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள பிரஷர் கூடியிருக்கு சார். எண்ணெய் உடைஞ்சு பொடிப்பொடி முத்தா ஆகுது. அது கண்ணுல ஊறுற தண்ணி போற வழிய அடைக்குது போல. நான் புஸ்தகத்துல படிச்சதுதான், கண்ணால பாக்குறது இப்பத்தான். மாத்திரை தாரேன், ஆனா மெட்ராஸ் டாக்டரப் போய்ப் பாத்துருங்க" என்றார்.

"ஒருநா ராத்திரி அசந்து மல்லாந்துட்டேன். அதனாலயா டாக்டர்?" என்று செல்வதுரை கேட்டார். கிருபைக்கு அது புதுச் செய்தி.

"இல்ல. இது தானா வர்றது. யார் மேலயும் தப்பில்ல."

அந்த மாத்திரையைப் போட ஆரம்பித்ததும் அவருக்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. சோறு மண்ணாக இருந்தது. ஆசையாகக் கோலி சோடா வாங்கிக் குடித்துவிட்டு, மாத்திரையால் அதன் சுருக்கே நாக்குக்குத் தெரியாமல், "பச்சத் தண்ணிய அடைச்சு விக்கான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். நாளுக்கு நாள் ஆள் இளைத்தார். மறுபடியும் எல்லாவற்றுக்கும் எரிச்சல், மறுபடியும் கிருபையின் ஓட்டம்.

சென்னையில் டாக்டர் வெகு நேரம் பார்த்தார். "எண்ணெயை எடுத்துடலாம்னு நினைக்கிறேன்" என்றார். "எடுத்தா பிரஷர் இறங்கும். ஆனா பிடிச்சுக்கிட்டு இருக்கறதும் அந்த எண்ணெய்தான். எடுத்தப்புறம் விழித்திரை அப்படியே நிக்கலாம், கழன்றும் போகலாம். பாதிக்குப் பாதின்னு வச்சுக்குங்க. கழன்றா திரும்ப எண்ணெய் விட்டு, திரும்பக் குப்புறப் படுக்கணும். எடுக்காம விட்டா பிரஷர் கொஞ்சம் கொஞ்சமா நரம்பைத் தின்னுடும். யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே நீளமான தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் தாண்டிப் போனதும் இறக்கினார்கள்.

"எடுத்துருவோம்" என்றார் செல்வதுரை. "கழண்டா பெறவு ஊத்திக்கிடலாம்னுதான சொல்லுதாரு."

"ஊத்துனா பெறவும் குப்புறக் கெடக்கணும்."

"கெடந்துட்டுப் போறேன். நாந்தான கெடக்கணும்?"

கிருபை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வகுப்பில் வருகைப்பதிவு கூப்பிடுகிற குரலில் அது தானாக வெளியே வந்தது. "நீங்க கெடப்பிய அத்தான். என்னால முடியாது."

"என்னது?"

"இன்னொரு தடவ என்னால முடியாது."

அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். "அப்பம் கண்ணு போனாப் போகட்டும்ங்கியா?"

"அப்படிச் சொல்லல."

"பெறவு எப்படிச் சொன்ன?"

சும்மா சொன்னேன், மனசில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது பொய். பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. யோசித்து எழுதுகிறோம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறினார்கள். விருதுநகர் தாண்டுகிற வரை அவர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அப்புறமும், தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றதுதான்.

வீட்டில் அவர் அதட்டுவதை நிறுத்தினார். காப்பி ஆறிப்போயிருந்தாலும் குடித்தார். அவளாக விசாரிக்காமல் தானாக எதையும் கேட்கவில்லை. கிருபைக்கு அந்த அமைதி அதட்டலைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு காலையில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். சக்ரபாணி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "இனியும் உள்ள வச்சிருந்தா பாக்கி இருக்கதும் போயிரும் சார்" என்று நேராகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தேவகனி சாவியைக் கொடுத்து, "சார் காலையிலயே நாசரேத் பஸ்ஸுக்குப் போனாவ. துணைக்கு வரட்டான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாவ" என்றாள். ஒற்றைக் கண்ணோடு, அந்தக் காற்றிலும் தூசியிலும், தனியாக. கிருபை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் செல்வதுரை தம்பியோடு வந்து இறங்கினார். தம்பி சுந்தர்சிங் நாசரேத்தில் வாத்தியார். மடித்த சட்டைக் கை, கையில் ஒரு பை, அதில் அவன் மனைவி கொடுத்துவிட்ட முறுக்கு. செல்வதுரை முகம் கழுவப் போன சமயம் பார்த்து அவன் சொன்னான்:

"மைனி, மெட்ராஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். லீவு போட்டாச்சு. படுக்க வேண்டி வந்தா எங்க வீட்டுல படுக்கட்டும். நாங்க ரெண்டு பேரு இருக்கோம், மாத்தி மாத்திப் பாத்துக்கிடுவோம். நீங்க பள்ளிக்கூடத்தப் பாருங்க."

"உங்கண்ணன் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல மைனி. அவ ரொம்ப அசந்துட்டா, அவள விட்டுருன்னு மட்டுந்தான் சொன்னாவ."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இதற்கு என்ன சொல்ல? அவருடைய வேட்டி, துண்டு, மருந்துகள் எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். எந்தச் சொட்டு எப்போது என்று சுந்தர்சிங்குக்குச் சொன்னாள். அவன் வாத்தியார் மாதிரி திருப்பி ஒப்பித்தான். ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது செல்வதுரை ஜன்னல் வழியே, "கதவ நல்லாத் தாப்பாப் போட்டுக்கோ" என்றார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் கிருபை தூங்கினாள். சமைக்காமல் ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றுவிட்டுத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது கேட்டும் எழுந்திருக்கவில்லை. ஆபரேஷன் என்று சொல்லியிருந்த நாளில் எட்டாம் வகுப்புக்குத் தென் அமெரிக்காவின் ஆறுகளை நடத்தினாள். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அமேசான் கெழக்கப் போகுதுன்னு நேத்து சொன்னிய, இப்பம் மேக்கங்கிய" என்றபோதுதான் கையில் இருந்த குச்சி எங்கே போகிறது என்று பார்த்தாள். அவர் பக்கத்தில் இல்லாமல் இருப்பதைத்தானே கேட்டோம், கிடைத்த பிறகு ஏன் இப்படி வலிக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு டிரங்க் கால் வந்தது. இரைச்சலுக்கு நடுவே சுந்தர்சிங் கத்தினான். "எடுத்தாச்சு மைனி! ஒட்டித்தான் இருக்காம்! இப்பத்திக்கு ஒட்டித்தான் இருக்காம்!"

சென்னையிலிருந்து அவர்கள் நேரே நாசரேத் போனார்கள். முதல் சனிக்கிழமை கிருபை போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினாள். போனபோது செல்வதுரை முன்கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்ணெய் போனதும் பழைய தடித்த கண்ணாடி திரும்ப வந்திருந்தது. கிட்டே வந்த பிறகுதான் அவளை அடையாளம் தெரிந்து அவர் முகம் மலர்ந்தது.

"நல்லாத் தெரியுதா?" என்றாள்.

"நடுவுல தெரியுது. சுத்திலும் ஒடுங்கிப் போச்சு. பிரஷர் தின்னது தின்னதுதானாம், திரும்ப வராதாம். கப்பல் ஏணி இனிக் கெடையாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "சுந்தர் வீட்டுக்காரி வைக்கிற கொழம்புல புளியே இல்ல. எப்பம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்றார்.

கிருபை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியான மருந்துக்கு நேரமாயிற்று. அவள் எழுந்திருக்கும் முன்பே அவர் குப்பியை எடுத்து, தலையைச் சாய்த்து, தானே கண்ணில் விட்டுக்கொண்டார். ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது, இன்னொன்று உள்ளே விழுந்தது. ஆஸ்பத்திரியில் பழகிக்கொண்டதாகச் சொன்னார்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. போன வாரம் வரைக்கும் இருந்துச்சு." கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "மெட்ராஸ்ல சுந்தர் என்னைய அஞ்சு நாள்தான் பாத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்து, எப்பம்டா முடியும்னு தலையில கைய வச்சுக்கிட்டான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சான். நீ அத்தன மாசம் பாத்த."

குப்பியை மூடி வைத்தார்.

"இன்னும் ஒரு வாரம் இங்கன இருங்க" என்றாள் கிருபை. "எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும். அடுத்த சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றார். "நாளைக்கு யார்ட்டயாவது நம்ம வீட்டு ஊறுகா கொஞ்சம் குடுத்து விடு. ஒரு வாரத்தத் தள்ளணும்லா?"

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆழ்வார்திருநகரி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றுக் காற்று பட்டதும் தலை கம்பியில் சாய்ந்தது. தூத்துக்குடியில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து சீட்டின் முதுகில் தட்டி, "அக்கா, எந்திரிங்க, ஊரு வந்துட்டு" என்று எழுப்பினான்.